தில்லியிலிருந்து ஷாங்காய் போகிறவர்களுக்கு: அதிவேக ரயிலில் மேற்கு ஏரிக்கு ஒரு நாள்

ஷாங்காயில் வேலையோ கண்காட்சியோ முடிந்து ஒரு நாள் கையில் மிச்சமிருந்தால், அதை ஹாங்ஜோ நகரத்தின் மேற்கு ஏரிக்குக் கொடுங்கள். ஷாங்காயின் ஹோங்சியாவ் நிலையத்திலிருந்து ஹாங்ஜோ கிழக்கு நிலையம் 159 கி.மீ. வழியில் நிற்காத ரயில் ஏறத்தாழ 45 நிமிடத்தில் போய்விடும். இரண்டு மூன்று ஊர்களில் நின்று போவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு கதிமான் எக்ஸ்பிரஸ் 188 கி.மீ.யை 100 நிமிடத்தில் கடக்கிறது. காலையில் கிளம்பி தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்.கே. புரம் திரும்புகிற அதே கணக்குத்தான் இங்கேயும், இன்னும் கொஞ்சம் தாராளமாக.

இந்தப் பயணத்தில் ரயில்தான் சுலபமான பகுதி. நாள் கெடுவது வேறு இடங்களில்: பணம் செலுத்தும் செயலி கைப்பேசியில் இல்லாததால், டிக்கெட்டில் பெயரோ கடவுச்சீட்டு எண்ணோ பிசகியதால், ஹாங்ஜோவில் தவறான நிலையத்தில் இறங்கியதால். ஏரிக்கரைக்கு வந்த பிறகும், 15 கி.மீ. சுற்றளவை ஒரே நாளில் முடிக்கப் பார்த்து, எதையும் நின்று பார்க்காமல் திரும்புகிறவர்கள் பலர். இவற்றில் பாதியைத் தில்லியிலேயே தவிர்த்துவிடலாம்.

கிளம்பும் முன் தில்லியில்

விசா இல்லாமல் முடியாது. பல நாட்டினருக்குச் சீனா தரும் 240 மணி நேர விசா இல்லா இடைநிறுத்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. சுற்றுலாவுக்கான எல் வகையோ, வணிகத்துக்கான எம் வகையோ எதுவாக இருந்தாலும் ஹாங்ஜோவுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அசல் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். ரயிலில் அதுதான் டிக்கெட். நகலும் கைப்பேசிப் படமும் நுழைவாயிலில் செல்லாது. ஓட்டலில் பதிவுக்காக வாங்கி வைத்திருந்தால் முதல் நாள் இரவே திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பணம். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. பிற நாட்டுப் பயண வழிகாட்டிகள் எல்லாம் 'அலிபே, வீசாட் இரண்டையும் வீட்டிலேயே இறக்கி, கார்டை இணைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும். சீனாவில் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்த உதவும் இந்த இரண்டில் வீசாட் 2020-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அலிபேயும் இங்கே இருந்து இறங்காமல் போகலாம். சீனாவில் இறங்கிய பிறகு ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் அலிபே நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே செயலியை இறக்கிக்கொள்ளலாம். ஐஃபோன்காரர்களுக்கு, ஆப் ஸ்டோர் கணக்கு இந்தியாவில் பதிவானதாக இருந்தால், ஷாங்காயில் இருந்தாலும் தேடலில் அது வராமல் போகும். கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் கடை பார்க்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அல்ல.

செயலி கிடைத்துவிட்டால் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டோடு மட்டுமே வருகின்றன. ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம் கார்டு ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும்.

செயலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 600 யுவான் ரொக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு யுவான் ஏறத்தாழ 12 முதல் 13 ரூபாய். அதில் பாதியாவது 5, 10, 20 யுவான் தாள்களாக இருக்கட்டும். சீனாவில் ரொக்கம் செல்லும். ஆனால் சின்னக் கடைகளில் சில்லறை இருக்காது, 100 யுவான் தாளைக் கண்டதும் கையை விரித்துவிடுவார்கள். பெரிய வங்கிகளின் ஏ.டி.எம்.களில் இந்திய விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகள் வேலை செய்யும். உடன் வேலை பார்க்கும் சீன நண்பர் யாராவது இருந்தால் அவர் கைப்பேசியில் செலுத்தச் சொல்லி ரொக்கமாகக் கொடுத்துவிடலாம். அங்கே அது சாதாரணம்.

இந்திய சிம் ரோமிங்கில் போனால் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் எல்லாம் திறக்கும், ஏனென்றால் இணையப் போக்குவரத்து இந்திய நிறுவனம் வழியாகப் போய் வருகிறது. ஓட்டல் வைஃபையில் இவை எதுவும் திறக்காது. எனவே ஒரு சிறிய ரோமிங் டேட்டா திட்டம் கட்டாயம் வேண்டும். கூகுள் மொழிபெயர்ப்பில் சீன மொழியை இணையமில்லாமல் பயன்படுத்தும் கோப்பாக முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கூகுள் வரைபடத்தைச் சீனாவில் நம்ப வேண்டாம்: தெருவும் நீங்கள் நிற்கும் புள்ளியும் பல நூறு மீட்டர் விலகித் தெரியும். ஐஃபோனில் உள்ள ஆப்பிள் வரைபடம் அங்கே சரியாகக் காட்டுகிறது.

டிக்கெட்: பெயரும் எண்ணும்

சீன ரயில்வேயின் சொந்தத் தளம் 12306. ஆங்கிலப் பக்கம் உண்டு. கடவுச்சீட்டின் படத்தை ஏற்றி ஆளடையாளத்தை உறுதிசெய்த பிறகுதான் டிக்கெட் வாங்க விடும். அந்த உறுதிப்படுத்தல் உடனே முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆகவே பயண நாளுக்கு முதல் நாள் தொடங்காதீர்கள். விற்பனை 15 நாள் முன்பு திறக்கிறது. இந்திய கார்டில் கட்டணம் சிக்கினால் டிரிப்.காம் போன்ற முகவர் தளத்தில் சிறு சேவைக் கட்டணத்தோடு வாங்கலாம். ரொக்கம்தான் வழி என்றால் நிலையத்தில் ஆள் அமர்ந்திருக்கும் கவுன்டருக்குக் கடவுச்சீட்டோடு போகலாம். தானியங்கி எந்திரங்கள் பெரும்பாலும் சீன அடையாள அட்டைக்கானவை.

நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும்; தந்தை பெயரும் தன் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் வரும். இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும் தளத்தில் இங்கேதான் தடுமாற்றம். உங்கள் சீன விசா ஒட்டில் பெயர் எந்த வரிசையில் அச்சாகியிருக்கிறதோ, கடவுச்சீட்டுப் பக்கத்தின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ, அதே வரிசையைப் பின்பற்றுங்கள். தலைப்பெழுத்தாகச் சுருக்காதீர்கள், புள்ளி வைக்காதீர்கள். போகும் டிக்கெட்டுக்கும் வரும் டிக்கெட்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். அதைவிட முக்கியம் எண்: முதலில் ஓர் எழுத்து, பிறகு 7 இலக்கம். பெயரில் இடைவெளி முன்பின் இருந்தால் ஊழியர் பொறுத்துக்கொள்வார். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கணினியில் உங்களுக்கு டிக்கெட்டே இருக்காது. புதுப்பித்த கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பழைய எண் எங்காவது தானாக நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி என்று தொடங்கும் எண்கள் அதிவேக ரயில்கள். டி அதைவிடச் சற்று மெதுவானவை. இரண்டாம் வகுப்பே தாராளமாகப் போதும்; கட்டணம் ரயிலையும் நேரத்தையும் பொறுத்து ஏறத்தாழ 70 முதல் 90 யுவான். ஒரு வரிசையில் மூன்றும் இரண்டுமாக இருக்கைகள்: ஏ, பி, சி ஒரு பக்கம், டி, எஃப் மறுபக்கம். ஏ, எஃப் இரண்டும் சன்னல் ஓரம். தம்பதியாகப் போனால் டி, எஃப் கேளுங்கள், நடுவில் யாரும் வர மாட்டார்கள். 6 வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை, தனி இருக்கை இல்லாமல், ஒரு பெரியவரோடு இலவசம். 6 முதல் 14 வயதுக்குள் பாதிக் கட்டணம். 2023 முதல் உயரத்தை வைத்து அல்ல, வயதை வைத்தே கணக்கு. இலவசக் குழந்தையின் கடவுச்சீட்டு விவரத்தையும் பதிய வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். காலையில் ஷாங்காயிலிருந்து போகும் ரயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஞாயிறு மாலையும் விடுமுறையின் கடைசி நாளும் ஷாங்காய் திரும்பும் ரயில்கள்தான் முதலில் நிரம்பும். ஒரு டிக்கெட்டை ஒரு முறை வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரயிலைத் தவறவிட்டாலும் அதே நாளில் இடமிருக்கும் இன்னொன்றுக்கு மாற்றித் தருவார்கள். ரத்து செய்தால் பிடித்தம்: 8 நாளுக்கு மேல் இருந்தால் இல்லை, 48 மணி நேரத்துக்கு முன்பு 5 விழுக்காடு, 24 மணிக்கு முன்பு 10, அதற்குப் பிறகு 20.

ஹோங்சியாவ் நிலையத்தில்

ஷாங்காயில் ரயில் நிலையங்கள் பல. உங்கள் டிக்கெட்டில் ஹோங்சியாவ் என்று இருக்கிறதா, வெறும் ஷாங்காயா, ஷாங்காய் தெற்கா என்று பாருங்கள். ஹோங்சியாவுக்கு மெட்ரோவின் 2, 10, 17 வழித்தடங்கள் வருகின்றன. இவற்றில் 2, 10 தடங்களில் ஹோங்சியாவ் விமான நிலையம் இரண்டாம் முனையம் என்றும் ஒரு நிறுத்தம் உண்டு; அது பக்கத்துக் கட்டடம். அங்கே இறங்கினாலும் நடந்தே வந்துவிடலாம், ஆனால் 15 நிமிடம் போய்விடும்.

தில்லியிலிருந்து நேரடி விமானத்தில் வருகிறவர்கள் இறங்குவது பூதோங் விமான நிலையத்தில். அங்கிருந்து ஹோங்சியாவ் பக்கம் வர 2024 டிசம்பரில் திறந்த விமான நிலைய இணைப்பு ரயில் ஏறத்தாழ 40 நிமிடம் எடுக்கிறது. மெட்ரோ 2-ல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஆனாலும் இறங்கிய நாளே ஏரிக்குப் போகத் திட்டமிட வேண்டாம். சீனாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; தூங்காத இரவுக்குப் பிறகு 10 கி.மீ. நடை யாருக்கும் இன்பம் தராது.

ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு நிலையத்தில் இருங்கள். மெட்ரோ தரைக்குக் கீழே நிற்கும். புறப்பாட்டுக் கூடம் மேல் தளத்தில். நுழையும்போது கடவுச்சீட்டைக் காட்டி, பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லலாம். பெரிய கத்தி, பெரிய தெளிப்பான் டப்பா கூடாது. கூடத்துக்குள் போன பிறகு பலகையில் ரயில் எண்ணைத் தேடி வாயில் எண்ணைப் பாருங்கள். 10ஏ, 10பி என்று இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே நடைமேடைக்குத்தான் இறங்கும், ஆனால் எதிரெதிர் முனைகளில். 16 பெட்டி ரயிலில் தவறான முனையில் இறங்கினால் நடைமேடையில் ஓட வேண்டிவரும்.

வாயில் புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் முன்பு திறந்து, சில நிமிடம் முன்பே மூடிவிடும். ரயில் கண்ணெதிரே நின்றாலும் அதற்குப் பிறகு விடமாட்டார்கள். தானியங்கிக் கதவுகளில் உள்ளூர்க்காரர்கள் அட்டையைத் தட்டிப் போவார்கள். நம் கடவுச்சீட்டைப் பல கதவுகள் படிக்காது. ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில், முகப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். இறங்கும் ஊரிலும் இதே முறைதான்.

பெட்டியின் முனையில் கொதிநீர்க் குழாய் இருக்கும். தில்லியிலிருந்து கோப்பை உப்புமா, உடனடி காபித் தூள் கொண்டுவந்தவர்களுக்கு அதுதான் காலைச் சிற்றுண்டி. இந்திய மின்செருகியின் உருண்டைக் கால்கள் அங்கே பொருந்தாமல் போகலாம். இரட்டைத் தட்டைக் கால் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

உங்கள் ரயில் ஹாங்ஜோவில் முடியாமல் தெற்கே இன்னும் பல நூறு கி.மீ. போகக்கூடும். நிற்பது இரண்டு மூன்று நிமிடமே. ஆங்கில அறிவிப்பு வந்ததும் எழுந்து கதவருகே போய்விடுங்கள்.

எந்த நிலையம், எந்த மெட்ரோ

ஹாங்ஜோ கிழக்கு, ஹாங்ஜோ, ஹாங்ஜோ மேற்கு, ஹாங்ஜோ தெற்கு என்று நான்கு உண்டு. மேற்கு ஏரிக்கு மேற்கு நிலையம்தானே பக்கம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்: 2022-ல் திறந்த அந்த நிலையம் நகரின் மேற்கு ஓரத்தில், ஏரியிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. பெரும்பாலான ரயில்கள் நிற்பது கிழக்கில். வெறும் 'ஹாங்ஜோ' என்று அச்சாவது நகர நடுவே உள்ள பழைய நிலையம். உள்ளூர்ப் பெயர் செங்ஜான். அதற்கு நேரம் ஒத்துவரும் ரயில் கிடைத்தால் அதையே எடுங்கள், ஏரி இரண்டே மெட்ரோ நிறுத்தம்.

கிழக்கு நிலையத்திலிருந்து மெட்ரோ 1, ஷியாங்ஹூ திசை. ஆறாவது நிறுத்தம் லோங்ஷியாங்சியாவ். ஏறத்தாழ 20 நிமிடம், 3–4 யுவான். வழியில் 'மேற்கு ஏரி கலாச்சாரச் சதுக்கம்' என்று மூன்றாவது நிறுத்தம் வரும். பெயரைப் பார்த்து இறங்கிவிடும் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர். அங்கே ஏரி இல்லை, வணிக வளாகமும் கால்வாயும்தான். லோங்ஷியாங்சியாவில் வெளியே வந்து மேற்கு நோக்கி ஐந்து நிமிடம் நடந்தால் தண்ணீர் தெரியும். நிலைய வாசலில் 'டாக்சி, டாக்சி' என்று கையைப் பிடிப்பவர்களோடு போகாதீர்கள்.

ஏரிக்கரையில்

நுழைவுக் கட்டணம் இல்லை; 2002 முதல் ஏரிக்கரை எல்லாருக்கும் திறந்த இடம். 2011-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 6.4 சதுர கி.மீ., சராசரி ஆழம் இரண்டே கால் மீட்டர்தான். மூன்று பக்கம் குன்றுகள், கிழக்கே நகரம். இந்த அமைப்பை மனதில் வைத்தால் நாளின் திட்டம் தானாக வந்துவிடும்: காலையில் வடக்கே தொடங்கி, மேற்குப் பக்கம் இறங்கி, தெற்கு வழியாகச் சுற்றி, மாலையில் கிழக்குக் கரையான ஹூபினுக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் சூரியன் குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதைத் தண்ணீருக்கு மேலாகப் பார்க்க முடியும். எதிர்த்திசையில் சுற்றினால் மாலையில் கூசும் வெயில் முகத்தில் அடிக்க வடமேற்கில் நின்றுகொண்டிருப்பீர்கள், மெட்ரோவும் தூரம்.

ஹூபினிலிருந்து கரையோரமாக வடக்கே ஒன்றேகால் கி.மீ. போனால் உடைந்த பாலம் என்ற பெயருள்ள, உடையாத ஒற்றை வளைவுக் கல்பாலம். அங்கே தொடங்கும் பாய் கரை ஏறத்தாழ ஒரு கி.மீ. நீளம், 822 முதல் 824 வரை இங்கே ஆளுநராக இருந்த கவிஞர் பாய் ஜூயியின் பெயரைத் தாங்கியது. 9 மணிக்கு முன்பு வந்தால் நடக்கலாம், 11 மணிக்கு மேல் நகரத்தான் முடியும். கரை போய்ச் சேர்வது குஷான் என்ற சிறு குன்றுத் தீவு. அதைத் தாண்டி இன்னும் ஒரு கி.மீ. போனால் தளபதி யுவே ஃபெய் கோயிலும், அதையடுத்து தாமரைத் தோட்டமும். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் தாமரைக்காக மட்டுமே அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

தாமரைத் தோட்டத்தை ஒட்டியே சூ கரையின் வடமுனை. இதன் கதை நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1089-ல் கவிஞர் சூ தோங்போ ஆளுநராக வந்தபோது ஏரியில் பாதி களைமண்டித் தூர்ந்து கிடந்தது. ஆட்களைத் திரட்டித் தூர்வாரினார். வாரிய சேற்றையும் களையையும் எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு விடையாக, ஏரிக்குக் குறுக்கே தெற்கு வடக்காக 2.8 கி.மீ. கரை போட்டார், தண்ணீர் போக ஆறு பாலங்களோடு. நம்மூர்க் குடிமராமத்தின் கணக்கேதான். மறுபடி தூர்ந்துவிடக் கூடாது என்று, எந்த எல்லைக்கு உள்ளே நீர்க்கொட்டை பயிரிடக் கூடாது எனக் காட்ட நீரில் கல் கோபுரங்கள் நட்டார். தில்லியில் குளிர்காலத் தள்ளுவண்டியில் விற்கும் சிங்காடாதான் அந்த நீர்க்கொட்டை. இன்று நிற்கும் மூன்று கல்விளக்குகள் பிற்காலத்தில், மிங் ஆட்சியில் மீண்டும் வைக்கப்பட்டவை. உங்கள் பையில் உள்ள ஒரு யுவான் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் இருப்பவை அவைதான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். கால் வலுவாக இருந்தால் சூ கரையை முழுதாக நடங்கள், 50 நிமிடம். இரண்டு பக்கமும் தண்ணீர், வில்லோ மரங்கள், மார்ச் இறுதியில் பீச் பூக்கள். ஒரு நாள் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதியவர்கள் உடன் வந்தால் யுவே ஃபெய் கோயில் எதிரேயுள்ள படகுத்துறையிலிருந்து ஏரி நடுவிலுள்ள தீவுக்குப் படகில் போய், தெற்கே ஹுவாகாங் துறையில் இறங்கலாம். தீவு நுழைவோடு சேர்த்துச் சாதாரணப் படகு ஏறத்தாழ 55 யுவான், அலங்காரப் படகு 70. 1607-ல் தூர்வாரிய மண்ணில் எழுந்த தீவு அது. உள்ளேயே குளங்கள் உண்டு. கல்விளக்குகள் பக்கத்தில் தெரிவது அங்கிருந்துதான். தீவிலிருந்து கிளம்பும் படகுகள் வெவ்வேறு துறைகளுக்குப் போகின்றன. ஏறும் முன் பலகையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிளம்பிய இடத்திலேயே இறங்கிவிடுவீர்கள். பிற்பகல் முடியும் முன்பே படகுகள் நின்றுவிடும். டிக்கெட்டை அதிகாரப்பூர்வச் சாளரத்தில் மட்டும் வாங்குங்கள்.

சாலையோரமாகச் சுற்றிவரும் மின்வண்டிகள் உண்டு: ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 10 யுவான், முழுச் சுற்றுக்கு 40. கை காட்டினால் இடம் இருந்தால் நிற்கும். தெற்கேயிருந்து ஹூபின் திரும்பும் கடைசி இரண்டரை கி.மீ.க்கு இது மிக உதவும். வாடகைச் சைக்கிளுக்குச் செயலி வேண்டும். விடுமுறை நாள்களில் இரண்டு கரைகளிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

சூ கரையின் தென்முனையிலிருந்து கிழக்கே ஒரு கி.மீ.யில் லெய்ஃபெங் கோபுரம். 975-ல் கட்டிய பழைய கோபுரம் 1924 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. இப்போதுள்ளது 2002-ல் எழுப்பியது. உள்ளே பழைய செங்கல் அடித்தளத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் காணலாம். மின்தூக்கி இருப்பதால் முதியவர்களும் மேலே போகலாம். 40 யுவானுக்கு முழு ஏரியும் கண்முன். மாலை 4 மணி வாக்கில் ஏறுவது நல்லது. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

லிங்யின் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 328-ல் அதை நிறுவியவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி. சீனப் பெயர் ஹுய்லி. எதிரே உள்ள பாறைக் குன்றைப் பார்த்து, மகதத்தின் கழுகுமலையே இங்கே பறந்து வந்துவிட்டது என்று அவர் வியந்ததாக மரபு. பிகாரின் ராஜ்கிரில் உள்ள அதே குன்று. அந்தக் குன்றின் பாறையில் நூற்றுக்கணக்கான புத்தச் சிற்பங்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் ஏரியோடு சேர்த்து ஒரே நாளில் வேண்டாம். போய் வரவும் பார்க்கவும் குறைந்தது மூன்றரை மணி நேரம். கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்பதிவும் செய்ய வேண்டும். அதுதான் வேண்டும் என்றால் காலையில் செங்ஜானிலிருந்து 7-ம் எண் பேருந்தில் நேரே அங்கே போய்விட்டு, பிற்பகலில் சூ கரையும் லெய்ஃபெங்கும் மட்டும் பாருங்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு எச்சரிக்கை: காய்கறி என்று கேட்டால் காய்கறி வரும், பன்றிக் கொழுப்பில் வதக்கியோ சிப்பிச் சாறு ஊற்றியோ. 'வோ ச்சி சூ' என்றால் நான் சைவம். உச்சரிப்பை நம்பாமல், 'இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்' என்று ஓட்டல் வரவேற்பில் சீனத்தில் எழுதி வாங்கி வைத்துக் காட்டுங்கள். பௌத்தச் சைவ உணவகம் என்றால் கவலையில்லை. அங்கே வெங்காயம், பூண்டுகூட இருக்காது. கரையோரக் கடைகளில் நம்பி வாங்கக்கூடியவை: தாமரைக் கிழங்கு மாவைக் கொதிநீரில் குழைத்த ஓஃபென் கஞ்சி, சிவப்புப் பயறு இனிப்பு வைத்த அரிசிமாவுக் கேக்கான டிங்ஷெங். அசைவர்களுக்கு இந்த ஊரின் பெயர்பெற்ற உணவு லோங்ஜிங் தேயிலை இளந்தளிரில் புரட்டிய இறால். பழம், காய்கறி, தயிர், நெய் முதலியவற்றைச் சீனாவுக்குள் கொண்டுவரக் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

லோங்ஜிங் தேயிலை வாங்கக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று வருபவரோடு போகாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்துச் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த முதல் தளிர் மிக விலையுயர்ந்தது. மலிவாகக் கிடைத்தால் அது அதுவல்ல.

போகக் கூடாத நாள்கள்

அக்டோபர் 1 முதல் 7, மே தின விடுமுறை, சிங்மிங், வசந்த விழா (சீனப் புத்தாண்டு). இந்த நாள்களில் உடைந்த பாலத்தில் போலீசார் கூட்டத்தைத் திசை பிரித்து நடத்துவார்கள். மாலையில் லோங்ஷியாங்சியாவ் நிலையத்தில் ரயில் நிற்காமலே போகக்கூடும். அப்படி நடந்தால் வடக்கே ஃபெங்சி சாலை அல்லது தெற்கே டிங்ஆன் சாலை நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். சாதாரண வாரங்களில் செவ்வாய் முதல் வியாழன் வரை சிறந்தது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை விடாத மழைக்காலம். அதன் பிறகு தில்லி ஜூலையைப் போன்ற புழுக்கம். மார்ச் இறுதி, ஏப்ரல், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை: இவைதான் நடக்க ஏற்ற மாதங்கள்.

திரும்புதல்

ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஹூபினை விட்டுக் கிளம்புங்கள். மாலை 5 முதல் 7 வரை ஏரியோரச் சாலைகள் அடைத்துக்கொள்ளும், டாக்சியைவிட மெட்ரோவே வேகம். இரவு 8 மணியை ஒட்டிய ரயில் நல்லது: ஹோங்சியாவ் வந்து சேரும்போது ஷாங்காய் மெட்ரோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிடத் தாமதித்தால் நிலையத்துக்கு வெளியே டாக்சி வரிசைதான், அது சில நேரம் ஒரு மணி நேரம்கூட இழுக்கும்.

ரயில் இரு வழியும் 140 முதல் 180 யுவான், இரு நகர மெட்ரோவும் சேர்த்து 20, படகு 55, கோபுரம் 40, மின்வண்டி 20, சாப்பாடு 80 என்று வைத்தால் தலைக்கு 400 யுவானுக்குள், அதாவது ஏறத்தாழ 5,000 ரூபாயில் முடியும்.

சரக்கு வாங்க ஈவூ போகும் கரோல் பாக் வியாபாரிகளுக்கு ஒரு வசதி உண்டு: ஷாங்காயிலிருந்து ஈவூ போகும் அதிவேக ரயில்கள் ஹாங்ஜோ கிழக்கு வழியாகவே போகின்றன. டிக்கெட்டை ஒன்றாக வாங்காமல் ஷாங்காய்–ஹாங்ஜோ காலையிலும், ஹாங்ஜோ–ஈவூ இரவிலும் என இரண்டாகப் பிரித்து வாங்கினால், பெட்டியை ஹாங்ஜோ கிழக்கின் சாமான் வைப்பகத்தில் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்துவிடலாம். வைப்பகம் இரவு எத்தனை மணிக்கு மூடும் என்று பெட்டியைக் கொடுக்கும்போதே கேட்டு, ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.